கேமராவுக்கும் காது உண்டு

காலையிலேயே கஸ்பார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வக்கீல் ஆபீசுக்குப் போவதென்றால் அவருக்கு ஈஸ்டர் பூசைக்குப் போவது மாதிரி. ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் உயரத்திலேயே உட்கார்ந்திருந்ததால் எல்லாரையும் மேலே இருந்து பார்த்துப் பழகிவிட்டார் என்று மனைவி ஐரீன் சொல்வாள். இப்போது இடது காலில் கம்பி. வாக்கர் இல்லாமல் வாசல் வரைக்கும்கூட வர முடியாது.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் வருகிறவர்களுக்கு மீதி தெரியும். இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மகன் டெரிக்கோடு காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு உச்சி வேளையில் காரில் திரும்பிக்கொண்டிருந்தார் கஸ்பார். ஹார்பர் கேட்டுக்காக ஓரமாக வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளில் ஒன்று, சிக்னல்கூடப் போடாமல் வெளியே திரும்பியது. கார் நசுங்கியது, கஸ்பாரின் காலும்தான். லாரி டிரைவர் முந்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், கார்தான் குறுக்கே புகுந்தது என்று சொல்லிவிட்டான். கேஸ் டெரிக்மேல் விழுந்தது.

டெரிக்குக்கு என்ன தொழில்? கப்பலில் இருந்து இறங்கும் மாலுமிகளை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவது. கேஸ் தீராமல் கூப்பிட மாட்டோம் என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் நிரபராதி என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான். காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா.

"நீ வரலியாம்மா?" என்று மருமகளைக் கேட்டார் கஸ்பார்.

"லீவு தீர்ந்துபோச்சு மாமா. பேப்பரைக் குடுத்துவிடச் சொல்லுங்க. சாயங்காலம் வந்து படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றாள் ஹெப்சிபா. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு.

"படிக்கிறதுக்கு இன்னா கீது அதுல?"

"படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாங்க."

"அது சரி, கடைக்காரர் பொண்ணாச்சே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினாள். ஆனால் இந்த வீட்டுச் சிரிப்புகளை நம்பிவிடாதீர்கள்.

ஹெப்சிபாவின் அப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரம். நாசரேத் பக்கத்திலிருந்து வந்த சி.எஸ்.ஐ. குடும்பம். கஸ்பார் வீடோ அசல் ராயபுரம் கத்தோலிக்க வீடு. காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் கோயில் மணி அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து மூவேளை செபம் சொல்கிற வீடு. கஸ்பார் அதை கிரேன் மேலே இருந்த காலத்தில்கூட விட்டதில்லை. செபம் முடிந்ததும் குடும்பத்தில் ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கும்பிட்டு, ஆமென் போடுவார்.

மணி அடித்தால் ஹெப்சிபா அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் சபையில் அந்தச் செபம் கிடையாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி நின்று முணுமுணுத்தால் நடிப்பாகிவிடுமே என்ற கூச்சம். கஸ்பார் அதற்குத் திமிர் என்று பேர் வைத்திருந்தார். அதை வாய்விட்டுக் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

ரேகா வக்கீலின் ஆபீஸ் வண்ணாரப்பேட்டையில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கஸ்பாரால் ஏற முடியாது என்று ரேகாவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள். கடைக்காரர் ஓரமாக மூன்று ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம் கல்யாணக் கும்பல் புடவையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் கேஸ் பிரிக்கப்பட்டது.

"நீங்க போட்ட நஷ்டஈடு கேஸுக்கு, லாரிக்கு இன்ஷூரன்ஸ் குடுத்த கம்பெனி பதில் மனு போட்டிருக்காங்க சார். இந்த வீடியோ அந்த விபத்தே இல்லைங்கிறாங்க."

"இன்னாது? அப்போ என் காலு தானா ஒடிஞ்சுக்கிச்சா?"

"நடந்தது உச்சி வேளை. வீடியோவுல ஓடுற கடிகாரம் பிற்பகல்னு காட்டுது. டெரிக், கேமரா வாங்கினப்போ நேரம் செட் பண்ணலையா?"

டெரிக் அப்பாவைப் பார்த்தான். அப்பா புடவைகளைப் பார்த்தார்.

கதை இதுதான். டெரிக் கேமராவை மாட்டிய அன்றைக்கு, "சாமியார் வந்து மந்திரிக்காம ஒரு பட்டனையும் அமுக்காத" என்று கட்டளை போட்டவர் கஸ்பார். சாமியார் வந்து வண்டிக்கும் கேமராவுக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அப்புறம் பிரியாணி. பிரியாணிக்கு அப்புறம் தூக்கம். சீனாவில் வைத்து அனுப்பிய நேரமே கேமராவில் நிலைத்துவிட்டது.

"நேரம் போகட்டும்" என்றாள் ரேகா. "லாரி நம்பராவது தெரியும்னு பார்த்தேன். பின்னாடி நம்பர் பிளேட் நல்லா தெரியுற இடம் பார்த்து, கண்ணாடியில தொங்குற செபமாலை குறுக்க ஆடுது. சரியா சிலுவை வந்து நம்பரை மறைக்குது."

செபமாலையைத் தொங்கவிட்டது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே கஸ்பார் நெளிந்தார்.

"அவன் லாரியிலயே ஜி.பி.எஸ். கீதே மேடம், அத்த கேக்கலாமே" என்றான் டெரிக்.

"கேட்டாச்சு. பதிவு அழிஞ்சுபோச்சாம். ஆனா பயப்படாதீங்க. நம்மகிட்ட அதைவிட நல்லது ஒண்ணு இருக்கு. சத்தம்."

"இன்னா சத்தம்?" என்றார் கஸ்பார்.

"கேமராவுல மைக் இருக்கு சார். வண்டிக்குள்ள பேசினது, வெளிய கேட்டது, எல்லாம் பதிவாகியிருக்கு. லாரி இடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கோயில் மணி கேக்குது. உடனே நீங்க செபம் சொல்றீங்க. உச்சிக்கு அந்த மணி அடிக்கிறது ஊருக்கே தெரியும், கோயில்ல கேட்டா எழுதியும் குடுப்பாங்க. கடிகாரம் தப்புங்கிறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா? இருங்க, போட்டுக் காட்டுறேன்."

ரேகா சத்தத்தைக் கூட்டக் கை வைத்தாள். கஸ்பார் எட்டி லேப்டாப்பை டப்பென்று மூடினார். புடவை பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"கேஸ் வாணாம்மா" என்றார். "வுட்டுடலாம்."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது அவர் முகம். வலிக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை.

இத்தனை நாளாக அந்த வீடியோவை அவர் ஊமைப் படம் என்றே நினைத்திருந்தார். ஹெப்சிபா அவர் போனில் ஏற்றிக் கொடுத்ததில் சத்தமே வரவில்லை. தெருவில் பாதிப் பேருக்குக் காட்டியிருக்கிறார், "பாரு, எப்படி வளைக்கிறான் பாரு" என்று. மணிக்கு முன்னால் காரில் தான் என்ன பேசிக்கொண்டு வந்தோம் என்பது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வார்த்தை விடாமல் வந்தது.

"உன் பொண்டாட்டி நம்ம வூட்டுக்கு வந்து இத்தினி நாளாச்சு, ஒரு நாளு நம்ம சனமா தெரியறாளா? கடைக்கு வந்த கஸ்டமர பாக்குறா மாதிரி நம்மள பாக்குறா. மணி அடிச்சா அடுப்பாண்ட போய் நின்னுக்கறா. மருமவள்னு சொல்லிக்க எனக்கு வாயே வர்ல டெரிக்கு. அவ அப்பன் வூட்டாண்டயே ஒரு வூடு பாத்துகினு போயிடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும். இங்கே நுணலுக்கு மைக் வேறு வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

"அந்த மணிய மட்டும் வெட்டி எடுத்துக் குடும்மா" என்றார் கடைசியில், குரலை இறக்கி.

"முடியாது சார். மெமரி கார்டுல இருந்தது இருந்தபடியே போகணும். ஒரு நொடி வெட்டினாலும் கைவெச்சது தெரிஞ்சுபோகும், அப்புறம் மொத்தத்தையும் தள்ளிடுவாங்க. காப்பி எடுத்தவங்க, 'முழுசா இருக்கு, எதையும் மாத்தலை'ன்னு கையெழுத்துப் போடணும். கூண்டுல ஏறியும் சொல்லணும்."

"அது யாரு?"

"உங்க மருமகதான். இடிச்ச அன்னைக்கே ஸ்டேஷன்ல சொல்லி வண்டியில இருந்து கார்டை எடுத்து வெச்சவங்க அவங்கதானே? அந்தப் புத்தி மட்டும் அன்னைக்கு வரலைன்னா நம்ம கையில ஒண்ணுமே இல்லை சார்."

கஸ்பார் வாக்கரைப் பிடித்துக்கொண்டார். "நீ கேட்டியாம்மா அத்த?"

"முழுசும் கேட்டேன் சார். வீடுன்னா பேச்சு இருக்கும். கோர்ட்ல இதைவிட எவ்வளவோ கேட்டிருக்கேன்." ரேகா தாள்களை உறையில் போட்டு டெரிக்கிடம் கொடுத்தாள். "நாளைக்கு மதியத்துக்குள்ள எனக்குத் திரும்பி வரணும். வரலைன்னா வீடியோ இல்லாமதான் வாதாடணும். அப்படி வாதாடினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை."

ஆட்டோ வழியில் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"நைனா, கேஸ் வாணாம்னு நீ பாட்டுக்கு சொல்லிட்ட. நான் இன்னா பண்றது?" என்றான் டெரிக். "தப்பே பண்ணாம, அப்பன் கால ஒடச்சவன்னு பேர சுமந்துகினு திரியறதா?"

"அவ அத்த கேக்கறப்போ நான் மூஞ்ச எங்க வெச்சுக்கறது?"

"பேசறப்போ தெரிலியா அது?"

"பேசறப்போ அவ வண்டியில இல்லியேடா."

கோபத்திலும் டெரிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் முகம் தொங்கிப்போனது. "நானும்தான் கீறேன் அதுல. என் பொண்டாட்டிய பேசற, நான் வண்டிய ஓட்டிகினு வரேன். ஒரு வார்த்த முழுசா பேசல."

கஸ்பார் கூட்ஸ் வண்டியைப் பார்த்தார். கேட் திறந்தது. மகனுக்குப் பிழைப்பு போகும், இல்லையென்றால் தன் மானம் போகும். எதை விடுவது என்று வீடு வரைக்கும் கணக்குப் போட்டார். வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது முடிவு செய்துவிட்டார். அவள் கையெழுத்துப் போடக் கூடாது.

சாயங்காலம் ஹெப்சிபா வந்து முகம் கழுவிக்கொண்டு, டீயும் கையுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். ஐரீன் வவ்வாமீன் கழுவிக்கொண்டிருந்தாள். டெரிக் ஜன்னலோரம் போனைத் தடவிக்கொண்டிருந்தான், எதையும் பார்க்காமல்.

கஸ்பார் வாக்கரைத் தட்டித் தட்டி நடந்துவந்து எதிரே உட்கார்ந்தார்.

"அத்த போடாதம்மா."

"ஏன் மாமா?"

"அதுல... அந்த வீடியோவுல ஒரு சங்கதி கீது. உனக்குத் தெரியாது. நீ கேட்டேன்னா அப்பால இந்த வூட்ல..." அவருக்கு வார்த்தை சிக்கிக்கொண்டது. உயரத்தில் உட்கார்ந்து எவ்வளவோ பெரிய பெட்டியைத் தூக்கி இறக்கிய மனிதர். இந்தச் சின்ன வாக்கியத்தை இறக்க முடியவில்லை.

ஹெப்சிபா டீயை ஒரு வாய் குடித்தாள்.

"கேட்டுட்டேன் மாமா."

அடுப்படியில் தண்ணீர் சத்தம் நின்றது.

"எப்போ?"

"கார்டை எடுத்த அன்னைக்கே. உங்களை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிருந்தாங்க. வெளிய உக்காந்து காதுல மாட்டிக் கேட்டேன்."

கஸ்பார் அவளையே பார்த்தார். ஆபரேஷன் அன்றைக்கு என்றால், அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். அவர் பிடிவாதம் பிடித்தபோது கெஞ்சிக் கஞ்சி ஊட்டியது அப்புறம்தான். வாக்கரைப் பிடித்து வராந்தாவில் நடக்கப் பழக்கியது அப்புறம்தான். ஒரு நாள் வலி பொறுக்காமல் அவர் அவளைக் கண்டபடி திட்டியதும், அவள் தலையணையைச் சரி செய்துவிட்டுப் போனதும்கூட அப்புறம்தான். அத்தனையையும் அவள் அந்த வார்த்தைகளைக் காதில் வைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறாள். 

"ஊமையாக்கி குடுத்தது நீதானா?"

"அத்தை கேக்க வேண்டாம்னுதான். அப்புறம் நீங்க தெருவுல எல்லாருக்கும் போட்டுக் காட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும்லா."

ஐரீன் ஈரக் கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "இன்னா சொன்னாரு அப்படி?" என்றாள். கணவன் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டாள்.

"கோபம் வந்துச்சு மாமா, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் ஹெப்சிபா. "அன்னைக்கே எங்கப்பா வீட்டுக்குப் போயிடலாம்னுகூட நினைச்சேன். ஆனா உங்களுக்குப் பிடிக்கலைங்கிறது எனக்கு முன்னாடியே தெரியும். அது புதுசா என்ன வலிச்சிரும்? வேற ஒண்ணுதான் என்னைத் தூங்கவிடலை. அதைக் கேக்கலாமா?"

"கேளும்மா."

"மணி அடிச்சதும் செபம் சொல்றீங்க. அப்புறம் பேர் சொல்றீங்க. ஐரீன், டெரிக், உங்க பொண்ணு ஜானட். ஜானட்டுக்கு அப்புறம் மூச்சு இழுக்குறது கேக்குது. லாரி இடிச்சிருது." அவள் டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள். "அடுத்தது என் பேரா மாமா?"

டெரிக் போனைக் கீழே வைத்தான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த இடத்தில் லாரி வந்து கேமராவின் வாயையே அடைத்துவிட்டது. ஒரு சாட்சியும் கிடையாது. கஸ்பாருக்கு நாக்கு நுனி வரை அந்த ஆமாம் வந்தது.

"இல்லம்மா" என்றார். "ஜானட்டோட முடிச்சிடுவேன். அடுத்தது ஆமென்தான்." தலையைத் தூக்காமலே சொன்னார். "கூண்டுல ஏறி சத்தியம் பண்ணப் போற புள்ளகிட்ட நான் பொய் சொல்லக் கூடாது."

ஹெப்சிபா தலையை ஆட்டினாள். "சரி மாமா. தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டேன்" என்றாள். அதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. துடைத்தாள், மறுபடி வந்தது, அப்புறம் துடைக்காமல் விட்டுவிட்டாள். இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை சத்தமில்லாமலே வந்தது.

அப்போதுதான் கோயில் மணி அடித்தது.

ஐரீன் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக் கூப்பினாள். டெரிக் எழுந்து நின்றான். கஸ்பார் வாக்கரை ஊன்றி எழுந்தார். ஹெப்சிபா பழக்கதோஷத்தில் எழுந்து அடுப்படிப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றாள். செபம் சொல்லவில்லை, கை கூப்பவுமில்லை. சும்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செபம் முடிந்தது. பேர்கள் வருகிற இடம்.

"ஹெப்சிபா" என்றார் கஸ்பார்.

முதல் பேராக அதைச் சொன்னதில் வருஷக்கணக்கான வரிசை குலைந்துபோயிற்று. "ஐரீன்... டெரிக்கு..." என்று தடுமாறி, அடுத்தது யார் என்று தெரியாமல் விழித்தார்.

"ஜானட்டு" என்று விலாவில் இடித்தாள் ஐரீன். "பெத்த பொண்ண மறந்துடாத."

ஹெப்சிபாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "ஆமென்" என்றார் கஸ்பார் அவசரமாக.

அவள் உட்கார்ந்து தாள்களை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரி ஒரு வரி விடாமல் படித்தாள். அப்புறம் பேனாவைத் திறந்தாள்.

"கோர்ட்டுல எல்லாருக்கும் கேக்கும்மா" என்றார் கஸ்பார் மெல்ல.

"கேக்கட்டும் மாமா. டெரிக் தப்பு பண்ணலைன்னும் சேர்ந்துதான் கேக்கும்."

கையெழுத்தைப் போட்டு, தாள்களை உறையில் வைத்து, உறையைக் கணவன் பக்கம் நகர்த்தினாள். டெரிக் அதை எடுக்கக் கை நீட்டினான். அவள் உறையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"மாமா பேசி முடிச்சதும், 'நைனா, அவ'ன்னு ஆரம்பிச்சீங்க" என்றாள். "அப்போ மணி அடிச்சிருது. மாமா உங்களை 'ஷ்'ங்கிறாங்க. நீங்க நிறுத்திடுறீங்க. அதுக்கப்புறம் என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் நீங்களும் சொல்லலை, நானும் கேக்கலை."

டெரிக் அப்பாவைப் பார்த்தான். கஸ்பார் இந்தத் தடவை வேறு எங்கேயும் பார்க்காமல் மகனையே பார்த்தார்.

"மணி அடிச்சு முடிஞ்சாச்சு" என்றாள் ஹெப்சிபா. "இப்போ சொல்லுங்க."